காய்ச்சல் விட்ட பறவை

பகல் பதினொன்றே கால்.

அருங்காட்சியகத்தின் இரண்டாம் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

“விருந்தாளி போனப்புறமும் வாசல் விளக்கு எரியுது, அண்ணி” என்றான் கொழுந்தன்.

அண்ணி பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீறல் இல்லை.

துப்பறியும் நிலையம் அவள் கணவனுடையது. வழக்குகளை அவள் முடிப்பாள். அறிக்கையில் அவன் கையெழுத்துப் போடுவான். அவன் இறந்து நான்கு மாதம் ஆகிறது. பலகையில் பெயரை இன்னும் மாற்றவில்லை. அவனுடைய தம்பி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வேலையை விட்டுவிட்டு உதவிக்கு வந்து நின்றான். அவன் ‘அண்ணி’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். போலீஸ்காரர்களும்தான். அவள் யாரையும் திருத்தவில்லை. திருத்துவதற்குத் தெம்பு வேண்டும்.

காப்பாட்சியர் வந்தார். ஓய்வு பெறும் வயது. வெள்ளை மீசை. இரண்டு கைகளாலும் ஏந்தி வந்ததை மேசைமேல் வைத்தார்.

உள்ளங்கையில் அடங்கும் பறவை. கழுத்தைத் திருப்பித் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இது போலி” என்றார். “போன வாரம் வெளியிலேருந்து ஒரு நிபுணர் வந்தார். வயித்துப் பக்கம் ஊசியால சுரண்டினார். வெண்கலம் வரல, பிசின் வந்துச்சு. என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்க்கறது?”

“சாவி யார்கிட்ட இருக்கு?”

“உதவிக் காப்பாட்சியர்கிட்ட.”

“உங்ககிட்ட?”

“இல்ல. நான் கூட்டத்துக்குப் போவேன். பேசுவேன். கையெழுத்துப் போடுவேன். பெட்டியைத் திறக்கறது, துடைக்கறது, மூடறது, எல்லாம் அவதான்.”

“நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு” என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பவில்லை. “இதுக்கு நகல் ஏதாவது உண்டா?”

“ஒண்ணு உண்டு. பார்வை இல்லாத பிள்ளைங்க தொட்டுப் பார்க்கறதுக்குன்னு செஞ்சது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே ஈயம் ஊத்தி எடையையும் சரிபண்ணியிருக்கோம். மத்த நகல்களோட ஒரு மரப்பெட்டியில பள்ளிக்கூடத்துல இருக்கு. போன் பண்ணிக் கேட்டேன். பறவை இருக்குன்னாங்க. அப்ப இது இன்னொரு நகல். அச்சு யார் அலமாரியில இருக்கு? அவ அலமாரியில.”

“வேற?”

காப்பாட்சியர் மீசையைத் தடவினார். “கையுறை. ரெண்டு மாசமா அவ கழட்டறதே இல்ல. பேனா பிடிக்கறப்பகூட. ரேகை பதியக் கூடாதுன்னு இப்பத்தான் புரியுது.”

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் பழுப்பு நிறத் துணிப்பை ஒன்று தொங்கியது. காப்பாட்சியரின் கண் அதற்குப் போனது.

“இங்க வேலைக்கு வர்றவங்களுக்கு நான் வைக்கற பரீட்சை அந்தப் பைதான். உள்ளே பறவையையும் நகலையும் போடுவேன். வெறுங்கையை விட்டு எது உண்மைன்னு சொல்லணும். கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது. பட்டம் வாங்கினவங்க எல்லாம் உள்ளே கையை விட்டுப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. இவ விட்டா, எடுத்தா. மூச்சு விடற நேரம்கூட ஆகல.” பையிலிருந்து கண்ணை எடுத்தார். “நான் தேர்ந்தெடுத்த கை அது. அதுவே எடுத்திருக்கு.”

“நாங்க என்ன செய்யணும்?”

“நாலு மணிக்கு அறங்காவலர்கள் வர்றாங்க. அதுக்குள்ள பறவை வரணும். வரலேன்னா போலீஸ். வேலை போகும். பின்னால இருக்கற குவார்ட்டர்ஸ் போகும். படுத்த படுக்கையா அப்பா இருக்கார், அவரைத் தூக்கிக்கிட்டு எங்கே போவா? எனக்கு இதுல ஒரு சந்தோஷமும் இல்ல. எங்க வித்தான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

குவார்ட்டர்ஸ் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. இரண்டு அறை. அப்போதுதான் எங்கிருந்தோ திரும்பிய உதவிக் காப்பாட்சியர் அவர்களுக்காகக் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை அங்கி. அங்கியின் மணிக்கட்டுப் பொத்தான்கள் போடப்படவில்லை. பூட்டையும் சாவியையும் பார்த்துக்கொண்டே திருப்பினாள். பதினாறு வருடமாகத் திறக்கும் கதவு.

கட்டிலில் இருந்த கிழவர் தலையைத் தூக்கினார். “யாரும்மா?”

“ஆபீஸ்லேருந்து, அப்பா.”

“பதவி உயர்வா?”

“ஆமா.”

“சொன்னேன்ல” என்று கிழவர் தலையை மறுபடி வைத்துக்கொண்டார்.

அவள் அடுப்பில் டீ வைத்தாள். அது கொதித்தது. அவள் கையுறையைக் கழற்றி அங்கிப் பையில் போட்டாள். விரல்களில் ஆங்காங்கே கறுத்த தழும்புகள். அப்பாவின் டீயை ஆற்றினாள். ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்தாள். பிறகு அவரைத் தாங்கிக் குடிக்க வைத்தாள். மற்ற மூன்று டம்ளர்களில் பாத்திரத்திலிருந்து நேராக ஊற்றினாள். எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

“ஐயோ!” அவன் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு விரல்களை வாய்க்குள் விட்டுக்கொண்டான். “இது டம்ளரா, அடுப்போட தங்கச்சியா?”

“மன்னிச்சுக்குங்க. ஆற்றித் தந்திருக்கணும்.” அவளுடைய டம்ளர் அவளுடைய கையிலேயே இருந்தது.

அண்ணி தன் டம்ளரைத் தொடவில்லை. “உதவிக் காப்பாட்சியருக்கு என்ன வேலை?”

“ஒண்ணும் நடக்காம பார்த்துக்கறது.”

“புரியல.”

“ஈரம் ஏறக் கூடாது. வெளிச்சம் விழக் கூடாது. பூச்சி வரக் கூடாது. நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்கணும். அப்படி இருந்தா நான் வேலை செஞ்சிருக்கேன்னு அர்த்தம். யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா, ஏதோ நடந்துடுச்சுன்னு அர்த்தம்.”

“இப்ப நடந்துடுச்சு.”

“ஆமா.”

“எடுத்தீங்களா?”

“இல்ல.” கோபம் இல்லை. அழுகை இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

“பறவையைக் கடைசியா எப்பத் தொட்டீங்க?”

“பள்ளிக்கூட லீவுல. நகல் பெட்டி அப்பத்தான் திரும்பி வரும். ரெண்டையும் ஒரே மேசையில வச்சுத் துடைப்போம். நகல் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பக்கத்துல வச்சாத்தான் தெரியும்.”

“கலந்துடாதா?” என்றான் கொழுந்தன். “எனக்கு என் ரெண்டு செருப்பே கலந்துடும்.”

“நகலோட வயித்துல செவப்பா ஒரு புள்ளி இருந்துச்சு. பிள்ளைங்க கைபட்டு எப்பவோ அழிஞ்சிடுச்சு. திரும்ப வைக்கல. வைக்கத் தேவையில்லன்னு சார் சொல்லுவார். துடைச்சு முடிச்சதும் கையுறையைக் கழட்டிக் கட்டைவிரலை ஒரு தடவை வைப்போம். வெண்கலம் ஜில்லுன்னு இருக்கும். பிசின் அப்படி இருக்காது. ஜில்லுன்னா கண்ணாடிக்குள்ள. இல்லேன்னா பெட்டிக்கு.”

“அன்னைக்கும் வச்சீங்களா?”

“வச்சேன்.”

அது பொய் இல்லை என்று அண்ணிக்குத் தோன்றியது. ஆனால் பதில் வருவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி இருந்தது.

வெளியே வந்ததும் கொழுந்தன் விரல்களை உதறினான். “அண்ணி, இவங்கதான். சாவி இவங்ககிட்ட. அச்சு இவங்ககிட்ட. கேள்வி கேட்ட ஆளைச் சுட்டும் தள்ளிட்டாங்க.”

“போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

“ஊசியால சுரண்டி.”

“எதை?”

“கண்ணாடிக்குள்ள இருந்ததை.”

“பள்ளிக்கூடத்துல இருக்கறதை?”

“அது நகல், அண்ணி. நகலைப் போய் யாராவது நகலான்னு சோதிப்பாங்களா?”

“அதான்” என்றாள் அண்ணி. “போன்ல கேட்டிருக்காங்க. பறவை இருக்கான்னு. இருக்குன்னு சொல்லியிருக்காங்க. எந்தப் பறவைன்னு யாரும் கேக்கல. அந்தப் போலியை வாங்கிக்கிட்டு வா. கையெழுத்துக் கேட்டா போடு.”

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி நகரத்தின் மறுமுனையில் இருந்தது. நீண்ட தாழ்வாரம். சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். பார்வை உள்ள இவர்கள் இருவரும்தான் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள்.

“ஓரமா நில்லுங்க, ஓரமா நில்லுங்க” என்றான் கொழுந்தன் தனக்குத்தானே. “பத்து வருஷம் நான் மத்தவங்களைச் சொன்னது.”

ஆசிரியை மரப்பெட்டி இருந்த அறையைக் காட்டினாள். மேசையைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள். ஒருவனிடம் மண் கிண்ணம். ஒருவனிடம் சின்ன யானை. பறவை, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மடியில் இருந்தது. அவள் அதன் கழுத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

“அதை இவதான் வச்சிருப்பா. யாருக்கும் தர மாட்டா” என்றாள் ஆசிரியை.

அண்ணி சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “இது உன் பறவையா?”

“ம்யூசியத்தோடது. நான் பார்த்துக்கறேன்.”

“எப்படி இருக்கு?”

“இப்ப நல்லாயிருக்கு. காய்ச்சல் விட்டுடுச்சு.”

“காய்ச்சலா?”

“லீவுக்கு முன்னாடி எப்பத் தொட்டாலும் வெதுவெதுன்னு இருக்கும். மிஸ்கிட்ட சொன்னேன், சிரிச்சாங்க. லீவுல ம்யூசியத்துல மருந்து குடுத்திருக்காங்க. இப்பத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. தொடறீங்களா?”

கொழுந்தன் போலி இருந்த பையை அண்ணியின் பக்கம் நகர்த்தினான்.

அண்ணி கட்டைவிரலை வைத்தாள். குளிர்ந்தது. நான்கு மாதமாக எல்லாமே அவளுக்கு ஒரே சூட்டில்தான் இருந்தன. தண்ணீர், சோறு, துக்கம் கேட்க வந்தவர்களின் கைகள். இது குளிர்ந்தது. அவள் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டாள்.

பையிலிருந்து போலியை எடுத்து அதன்மேலும் விரலை வைத்தாள். பிறகு சிறுமியிடம் நீட்டினாள். “இது?”

சிறுமி தொட்டாள். முகம் சுருங்கியது. “இதுதான் பழைய பறவை. இது ஏன் உங்ககிட்ட இருக்கு?”

“ரெண்டும் இடம் மாறிடுச்சு. அதை நாங்க கொண்டுபோகணும்.”

“இதை எனக்குக் குடுத்துட்டா?”

“இன்னைக்கு ரெண்டும் வேணும். நாளைக்கு இதைக் கொண்டுவந்து குடுத்துடறோம்.”

சிறுமி மடியிலிருந்த பறவையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு விட்டாள். “அது மட்டும் நல்லாயிருக்கும். இதுக்குக் காய்ச்சல் விடவே விடாது.”

கிளம்பும்போது யானை வைத்திருந்த பையன் கொழுந்தனின் முகத்தைத் தடவிப் பார்த்தான். “மாமா, உங்க மூக்கு எவ்ளோ பெருசு!”

“இது நகல்டா கண்ணு. ஒரிஜினல் இதைவிடப் பெருசு. வீட்ல பூட்டி வச்சிருக்கேன்.”

திரும்பும் பஸ்ஸில் கொழுந்தன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். பறவைகள் இரண்டும் தனித்தனித் துணியில் அண்ணியின் மடியில் இருந்தன.

“என்ன மூளை, அண்ணி!” என்றான். “யாரும் சோதிக்காத பெட்டி. அதுல ஒரிஜினலை வச்சு ராஜ மரியாதையோட வெளியே அனுப்பிட்டாங்க. பிள்ளைங்களே காவல். அடுத்த லீவுல பெட்டி திரும்புற வழியில கையை விட்டு எடுத்துக்கலாம். திருட்டுன்னா இது திருட்டு. நாமும் இருக்கோமே, டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்கறதையே பெரிய துப்புன்னு நெனச்சுக்கிட்டு.”

“அப்ப ஏன் எடுக்கல? நிபுணர் சுரண்டி ஒரு வாரம் ஆச்சு. சாயங்காலம் போய் நகலைச் சரிபார்க்கணும்னு சொன்னா பள்ளிக்கூடத்துல குடுத்திருப்பாங்க.”

“பயந்திருப்பாங்க.”

“பயந்த மாதிரி இருந்துச்சா?”

கொழுந்தன் யோசித்தான். “இல்ல. எப்படியுமே இல்லாத மாதிரி இருந்துச்சு.”

“உன் விரல் எப்படி இருக்கு?”

“கொப்புளம் வரும்னு நெனைக்கறேன். ஏன்?”

“அதே டீ. அதே டம்ளர். அவங்க கையிலயும் இருந்துச்சு.”

அவன் தன் விரலைப் பார்த்தான்.

“பழகின கைன்னு நெனச்சேன்” என்றான் மெதுவாக.

“நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா கதவு. பதினாறு வருஷமா திறக்கற கதவு. இருட்டுல தூக்கத்துல திறக்கலாம். அவங்க சாவியைப் பார்த்துக்கிட்டே திருப்பினாங்க. கையில சாவி இருக்கான்னு கண்ணுதான் சொல்லணும். பொத்தான் போடல. கையுறை ரேகைக்கு இல்ல. தழும்பை மறைக்கறதுக்கு.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. யாரோ இறங்கினார்கள். யாரோ ஏறினார்கள்.

“கட்டைவிரலை வச்சாங்க” என்றாள் அண்ணி. “பொய் சொல்லல. விரல்தான் சொல்லல.”

கொழுந்தன் வழி முழுக்க வேறு எதுவும் பேசவில்லை. அவன் அப்படி இருந்தது அண்ணனின் சாவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

உதவிக் காப்பாட்சியர் வேலை அறையில் இருந்தாள். தூரிகைகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி மேசைமேல் துணியை விரித்துப் பறவைகளை வைத்தாள். கொழுந்தன் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான்.

அவள் இரண்டையும் பார்த்தாள். தொடவில்லை.

“பெட்டியில இருந்துச்சா?”

“ஆமா.”

“பிள்ளைங்க கீழே போட்டாங்களா?”

“இல்ல. ஒரு பொண்ணு பார்த்துக்கிட்டா.”

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தூரிகையை எடுத்து அதன் இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

“எப்பலேருந்து?” என்று கேட்டாள் அண்ணி.

“சுண்டு விரல் போன வருஷம். அப்புறம் ஒண்ணொண்ணா. நரம்புன்னு டாக்டர் சொன்னார். திரும்பி வராதுன்னு சொல்லல. வரும்னும் சொல்லல. கட்டைவிரல் இருந்தாப் போதும், சமாளிச்சுடலாம்னு இருந்தேன்.” அவள் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறருடையதைப் பார்ப்பதுபோல. “துடைச்ச அன்னைக்கு ஒண்ணுமேல வச்சேன். ஜில்லுன்னு இருந்த மாதிரி இருந்துச்சு. பதினாறு வருஷமா இருந்தது, அன்னைக்கும் இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் கொதிக்கற டம்ளர்கூடச் சுடல.”

“நிபுணர் சொன்னதும் உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு.”

“சந்தேகம் வந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா, பறவை கிடைச்சிடும். எப்படி மாறுச்சுன்னு கேப்பாங்க.” இன்னொரு தூரிகையை எடுத்தாள். “திருடின்னா விசாரணை நடக்கும். ஆறு மாசம், ஒரு வருஷம். அது வரைக்கும் வீடு இருக்கும்னு நெனச்சேன். கை போச்சுன்னா அன்னைக்கே முடிஞ்சிடும். கை இல்லாத உதவிக் காப்பாட்சியர் எதுக்கு?”

“திருடிங்கற பேரைப் பரவாயில்லன்னு நெனச்சீங்களா?” கொழுந்தனால் பொறுக்க முடியவில்லை.

“முதல் ரெண்டு நாள் வலிச்சுது” என்றாள். “அப்புறம் அதுவும் தெரியல.”

கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“மணிக்கட்டு?” என்று கேட்டாள் அண்ணி.

“அங்க தெரியுது. இப்போதைக்கு.”

அண்ணி எழுந்தாள். பறவைகளைத் துணியில் சுற்றினாள். “பறவையைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. விரலைக் கண்டுபிடிக்க இல்ல.”

நாலு மணிக்கு அறங்காவலர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் நடுவில் உட்கார்ந்தார். பறவைகள் அவர் எதிரில் இருந்தன. குவார்ட்டர்ஸிலிருந்து டம்ளர்களை வாங்கிவந்து காவலாளி டீ கொடுத்தான்.

காப்பாட்சியர் கட்டைவிரலை ஒரு பறவைமேல் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

“இதுதான்” என்றார். “இதுதான்.”

“திருட்டு இல்ல” என்றாள் அண்ணி. “துடைக்கற அன்னைக்கு ரெண்டும் இடம் மாறிடுச்சு. அது பள்ளிக்கூடத்துக்கும் இது கண்ணாடிக்குள்ளயும் போயிடுச்சு. அவ்வளவுதான்.”

“எப்படி மாறும்?” என்றார் தலைவர்.

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.”

“அது தெரியுது. இதைப் பிரிச்சுப் பார்க்கறதுக்குத்தானே ஒருத்தருக்குச் சம்பளம்? கடைசியா தொட்டது யார்?”

உதவிக் காப்பாட்சியர் சுவர் ஓரமாக நின்றிருந்தாள். கையுறை போட்டிருந்தாள். “நான்தான் சார்.”

“இல்ல, இல்ல.” காப்பாட்சியர் எழுந்தார். அவர் குரலில் ஒரு வாரத்துப் பாரம் இறங்கியிருந்தது. “பெட்டியைக் கட்டினது காவலாளி. அவன்தான் மாத்தி வச்சிருப்பான். இவ கையால இது மாறியிருக்க முடியாது. நான் சொல்றேன்.”

“நீங்கதானே சார் இவங்க திருடினாங்கன்னும் சொன்னீங்க?”

காப்பாட்சியரின் முகம் சிவந்தது. “சொன்னேன். அதுக்கு நான் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். கேக்கறேன். வெறும் வாயால இல்ல.” ஆணியிலிருந்து துணிப்பையை எடுத்தார். உதறினார். “இந்தக் கை எப்படிப்பட்டதுன்னு நீங்களே பாருங்க. அப்புறம் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.”

“சார்” என்று கொழுந்தன் முன்னால் வந்தான். “முதல்ல நான். எனக்கு ரொம்ப நாளா ம்யூசியத்துல வேலைக்குச் சேரணும்னு ஆசை. கை சுத்தம், சில்லறை தப்பாது, கூட்டத்துல நின்னே தூங்குவேன்.”

அறங்காவலர் ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. காப்பாட்சியர் கொழுந்தனின் தோளை அன்பாக விலக்கினார். இரண்டு பறவைகளையும் பைக்குள் போட்டார். குலுக்கினார். வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரில் போய் நின்றார். மகளைப் பரிசு வாங்க மேடைக்குக் கூட்டிப்போகும் தகப்பனின் முகம் அவருக்கு.

அண்ணியின் கையில் டம்ளர் இருந்தது. சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

உதவிக் காப்பாட்சியர் கையுறையை ஒவ்வொரு விரலாகப் பார்த்துப் பார்த்துக் கழற்றினாள். அங்கிப் பையில் போட்டாள். பையின் வாயைப் பார்த்தாள். பிறகு அங்கியின் கையை முழங்கைவரை தள்ளிவிட்டாள்.

“ஏன் இவ்வளவு தூரம்?” என்றார் தலைவர்.

அவள் கையை விட்டாள். பைக்குள் மெல்ல ஏதோ உருண்டது. மணிக்கட்டு உள்ளே போனது. அதற்கும் மேலே போனது. பை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

பழைய மூச்சு விடும் நேரம் கடந்துவிட்டது. காப்பாட்சியர் இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தார். புன்னகை மட்டும் கொஞ்சம் அயர்ந்திருந்தது.

“சொல்லும்மா” என்றார். “எது?”